மனநல வார்டில் நோயாளியோடு பேசுதல்: பெங்களூருக்குப் பணிக்கு வரும் தமிழ்ச் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரின் மனநல மருத்துவமனைகளில் தமிழ் பேசும் நோயாளிகளுக்குக் குறைவில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களிலிருந்து சிலர் வருகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து விடியுமுன் பேருந்து ஏறி, பெங்களூரின் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவு வரிசையில் வந்து நிற்பவர்கள் வேறு பலர். தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவர் வார்டில் இருந்தால் மருத்துவரும் சமூகப் பணியாளரும் உறவினரும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். ஆனால் தமிழ் தெரிந்திருப்பது வேறு, மனநோயால் வாடும் ஒருவரிடம் சிகிச்சை நோக்கத்தோடு பேசத் தெரிந்திருப்பது வேறு. பின்னதைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளம் செவிலியருக்காகவே இதை எழுதுகிறேன்.

ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் ஒரு நோயாளியிடம் சில நிமிடங்களே நிற்க முடியும். செவிலியரோ ஷிஃப்ட் முழுவதும் அங்கேயே இருக்கிறார். நோயாளி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பதையும், இரவெல்லாம் புரள்வதையும், யாரும் இல்லாத பக்கம் திரும்பி முணுமுணுப்பதையும் அவர்தான் பார்க்கிறார். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே இந்தப் பணியின் மையம் என்பதை அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இலேயே விரிவாக எடுத்துரைத்தார். அறிமுகக் கட்டம், செயற்கட்டம், நிறைவுக் கட்டம் என்று தேர்வுக்காக நாம் படித்ததெல்லாம் அந்தச் சிந்தனை மரபைச் சேர்ந்ததுதான். அவற்றை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த செவிலியரும் வார்டில் தடுமாறுகிறார் என்றால், அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிகழ்கிறது: நோயாளி வாய் திறந்தவுடன் ஆறுதலோ புத்திமதியோ சொல்லிவிடத் துடிக்கும் அவசரத்தில்.

அழுகிறவரைக் கண்டால் "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அது அன்பிலிருந்து வருவதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் மனநல வார்டில் அந்த வாக்கியம் பேச வந்தவரின் பேச்சை முடித்துவைக்கிறது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லவிருப்பவை பலவும் அந்த அவசரத்தை எப்படி அடக்கிக்கொள்வது, அடக்கிய பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியவையே.

பேசுவதற்கு முன்

ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளாமல் கேஸ் ஷீட்டை நீங்களே ஒருமுறை படியுங்கள். யார் அழைத்து வந்தார்கள், முன்பு தற்கொலை முயற்சியோ வன்முறையோ இருந்ததா, எந்த மருந்து எப்போது தொடங்கப்பட்டது, மது அருந்துபவரானால் கடைசியாக எப்போது குடித்தார் ஆகிய நான்கும் தெரியாமல் படுக்கையருகே போகாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர், குழந்தையை அடித்தவர், மனைவியைச் சந்தேகித்துத் துன்புறுத்தியவர் என்று படிக்கும்போது உங்களுக்குள் எழும் கோபத்தையோ அச்சத்தையோ கவனியுங்கள். அது எழுவது இயல்பு. அதைக் கவனிக்காமல் போனால் உங்கள் குரலில் அது தெரியும்; குரலை வைத்து மனிதரை எடைபோடுவதில் மனநோயாளிகள் மிகவும் நுட்பமானவர்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். நேருக்கு நேர் அமர்ந்தால் விசாரணை போலத் தோன்றும். சற்றுப் பக்கவாட்டில், அவர் கண் மட்டத்தில், கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கதவுக்குப் போகும் வழி உங்களுக்கும் திறந்திருக்க வேண்டும், அவருக்கும் அடைபட்டிருக்கக் கூடாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, துப்பட்டா, ஸ்டெதாஸ்கோப் ஆகியவற்றைக் கொந்தளிப்பான நோயாளியிடம் போகுமுன் கழற்றி வைத்துவிடுங்கள். நின்றபடி, ஒரு கையில் மருந்துத் தட்டோடு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

முதல் சந்திப்பு

உங்கள் பெயர், பணி, எவ்வளவு நேரம் பேசப்போகிறீர்கள், எதற்காக என்பவற்றைச் சொல்லித் தொடங்குங்கள். "என் பேரு இன்னது. இந்த வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் உங்களை நான்தான் பார்த்துக்கப் போறேன். ஒரு இருபது நிமிஷம் உங்ககிட்ட பேசலாமா?" என்ற அளவு போதும். மறுத்தால், "சரி, நாலு மணிக்கு மறுபடி வர்றேன்" என்று சொல்லி, சொன்னபடியே நாலு மணிக்குப் போங்கள். நம்பிக்கை இத்தகைய சிறு வாக்குறுதிகளைக் காப்பாற்றுவதில்தான் தொடங்குகிறது. மறந்துபோய் ஆறு மணிக்குப் போய் நின்றால், அடுத்த முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

வயது வந்த எந்த நோயாளியையும் "நீ" என்று அழைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு மனநோய் என்று தெரிந்த மறுநாளே வீட்டில், தெருவில், சில இடங்களில் மருத்துவமனையிலும்கூட, அவரை அழைக்கும் மரியாதை ஒருமைக்கு இறங்கிவிடுகிறது, ஐம்பது வயது ஆசிரியரைக்கூட "ஏம்ப்பா, மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்கிறார்கள். "நீங்க", "ஐயா", "அம்மா" என்று அழைப்பதே அவர் இழந்த ஒன்றைத் திருப்பித் தருவதாகும். "அண்ணா", "அக்கா" என்ற உறவுச் சொற்கள் நம்மிடையே இயல்பானவை. அவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் மேனியா எனப்படும் பித்துக் கொந்தளிப்பில் இருக்கும் ஒருவர் உங்களைத் தங்கை என்றோ, மனைவியாகப் போகிறவர் என்றோ உறவு கொண்டாடத் தொடங்கினால், அங்கே உறவுச் சொல்லை விட்டுவிட்டு, "சார், நான் இந்த வார்டு நர்ஸ்" என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்வதே பாதுகாப்பு.

இரகசியம் காப்பதைப் பற்றியும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காக்கும் கடமையை அதன் 23-ஆம் பிரிவு சிகிச்சை அளிப்போர் மீது சுமத்துகிறது. அதே சமயம், உயிருக்கு ஆபத்து என்றால் அந்தக் கடமைக்கு விலக்கு உண்டு. ஆகவே "நீங்க சொல்றதை வெளியில சொல்ல மாட்டேன், ஆனா உங்களைப் பார்த்துக்கிற டாக்டர்கிட்ட பேசுவேன். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா கட்டாயம் சொல்வேன்" என்று சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சிஸ்டர்" என்று கேட்பவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சத்தியத்தை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

உடனிருக்கும் உறவினர், அதாவது வார்டில் நாம் அட்டெண்டர் என்று அழைப்பவர், நோயாளியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தாமே பதில் சொல்வார். அவரை அதட்டி வெளியே அனுப்பினால் குடும்பத்தை இழப்போம். அவரையே பேசவிட்டால் நோயாளியை இழப்போம். "நீங்க சொல்றதும் எனக்கு வேணும்மா. முதல்ல இவர்கிட்ட கொஞ்சம் பேசிட்டு, அப்புறம் உங்ககிட்ட தனியா வர்றேன்" என்று சொல்லி அதன்படி இருவரிடமும் தனித்தனியே பேசுவதே முறை.

கேட்பது

கடும் மனச்சோர்வோடு சேர்க்கப்பட்ட நாற்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு மாத்திரையை வாங்கும்போது, "நான் இருந்து என்ன பிரயோஜனம் சிஸ்டர்?" என்கிறார். நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில், "அப்படியெல்லாம் பேசக் கூடாது. ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்காகவாவது நல்லா ஆகணும்" என்பதுதான். இந்தப் பதில் என்ன செய்கிறது என்று பாருங்கள். பேசக் கூடாததைப் பேசிவிட்டோம் என்ற குற்ற உணர்வை முதலில் தருகிறது. பிள்ளைகளுக்குப் பயனற்ற தாயாகிவிட்டோம் என்பதே அவருடைய வேதனையாக இருந்தால், அதே இடத்தில் மீண்டும் குத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சாவைப் பற்றித்தான் பேசினாரா, களைப்பைப் பற்றிப் பேசினாரா என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. "சரிங்க சிஸ்டர்" என்று மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். நாமும் ஆறுதல் சொன்ன நிறைவோடு அடுத்த படுக்கைக்குப் போவோம்.

வேறு விதமாகப் பேசிப் பார்ப்போம். மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அருகில் உட்காருங்கள். "பிரயோஜனமே இல்லைன்னு தோணுது உங்களுக்கு" என்று அவர் சொன்னதையே, கேள்வியாக்காமல், அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு எதுவும் பேசாதீர்கள். அந்த மௌனம் அரை நிமிடம் நீண்டாலும் உங்களுக்கு அது மிக நீளமாகத் தோன்றும். கட்டிலைச் சரிசெய்யவோ கைப்பேசியைப் பார்க்கவோ கை போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வில் சிந்தனையும் பேச்சும் மெதுவாகிவிடுவதால், பதிலைக் கோத்தெடுக்க அவருக்கு நம்மைவிட அதிக நேரம் தேவைப்படுகிறது. "ஒரு குழம்பு வைக்கக் கூட முடியலை. மாமியார்தான் எல்லாம் செய்யறாங்க" என்று அவர் தொடரலாம். "முன்னாடி நீங்கதான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க" என்று நீங்கள் சொல்லலாம், அவர் அழலாம். அழும்போது தோளைத் தட்டி நிறுத்தாமல், "அழுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி அருகிலேயே இருங்கள். அழுகை அடங்கியபின், "இப்படித் தோணும்போது செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?" என்று கேட்க வேண்டும்.

ஆம், அந்தக் கேள்வியை அதே சொற்களில் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் செவிலியரிடையே பரவலாக இருக்கிறது. நேரடியாகக் கேட்பது தற்கொலை எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. மாறாக, யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்ததை இறக்கிவைக்க அது இடம் தருகிறது. "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்பதுதான் தவறு, ஏனென்றால் 'இல்லை' என்ற பதிலை அந்தக் கேள்வியே எதிர்பார்த்து நிற்கிறது. எண்ணம் உண்டு என்று அவர் சொன்னால், எப்படிச் செய்ய நினைக்கிறார், அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா, இதுவரை எது அவரைத் தடுத்து வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாத குரலில் கேளுங்கள். முந்தைய முயற்சி இருந்தால் ஆபத்து அதிகம். கேட்டு முடித்தவுடன் டியூட்டி மருத்துவரிடம் தெரிவியுங்கள். காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல் கண்காணிக்க ஏற்பாடு செய்தபின், அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதிவையுங்கள்.

சிகிச்சை தொடங்கி உடலில் தெம்பு திரும்பும்போது, மனத்தின் இருள் அதே வேகத்தில் விலகுவதில்லை. படுத்தே கிடந்தவர் எழுந்து நடக்கிறார், தலை வாரிக்கொள்கிறார் என்று வார்டே மகிழும் அந்த நாட்களில், திட்டத்தை நிறைவேற்றும் ஆற்றலும் அவருக்குத் திரும்பியிருக்கிறது என்பதை மறக்காமல் கண்காணிப்பைத் தொடருங்கள்.

இல்லாத குரலும் அசையாத நம்பிக்கையும்

"பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்குள்ள மெஷின் வெச்சு என்னைக் கேக்கறான்" என்று உறுதியாக நம்பும் ஒருவரிடம் அப்படி எதுவும் இல்லை என்று வாதாடிப் பயனில்லை. வாதத்தால் அசையாத நம்பிக்கையைத்தான் நாம் மருட்சி என்கிறோம். ஆமாம் போட்டு ஒத்துக்கொள்வதும் கேடு. நடுவழி ஒன்று உண்டு: அந்த நம்பிக்கையின் பின்னால் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்வது. "எப்பவும் யாரோ கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னா நிம்மதியா தூங்கவே முடியாதே" என்று சொன்னால், அவருடைய பயத்தை ஏற்கிறோம், மெஷினை ஏற்கவில்லை. அவரே "நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "எனக்கு அப்படித் தெரியலை. ஆனா உங்களுக்கு அது நிஜமா இருக்குன்னு புரியுது" என்பது போதுமான பதில்.

குரல் கேட்பவரிடம், அது என்ன சொல்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். திட்டும் குரலும் வேதனைதான். ஆனால் "குதி", "அவனை வெட்டு" என்று கட்டளையிடும் குரலானால், அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையும் கேட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

பெங்களூர் வார்டுகளுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நர்சிங் ஸ்டேஷனில் நான்கு பேர் கூடினால் கன்னடமும் மலையாளமும் தமிழும் இந்தியும் கலந்து ஒலிக்கும். சந்தேக நோயுள்ள தமிழ் நோயாளி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, அவருக்குப் புரியாத மொழியில் நீங்கள் தாழ்ந்த குரலில் பேசி, நடுவே சிரித்து, அவர் பக்கம் ஒருமுறை திரும்பியும் பார்த்தால், அவருடைய மனத்தில் அது எப்படிப் பதியும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் முன்னிலையில் வேறு மொழியில் பேச வேண்டியிருந்தால், பேசி முடித்ததும் "நாளைக்கு யாருக்கு நைட் டியூட்டின்னு பேசிக்கிட்டு இருந்தோம்" என்று அவரிடம் தமிழில் சொல்லிவிடுங்கள்.

உணவில் விஷம் என்று அஞ்சுபவருக்கு, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டையோ தோல் உரிக்காத வாழைப்பழத்தையோ அவர் கையிலேயே கொடுங்கள். பல வீடுகளில் மாத்திரையைப் பொடித்துத் தயிர்ச்சாதத்திலோ காப்பியிலோ தெரியாமல் கலந்து கொடுத்திருப்பார்கள். அந்தக் குடும்பங்கள் எந்த நிலையில் அதைச் செய்தன என்பதை நானறிவேன். குறை கூற மனம் வரவில்லை. ஆனாலும், ஒருநாள் அது தெரியவந்தால், சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. அதன் பிறகு சோறும் இறங்காது, மருந்தும் இறங்காது. வார்டில் அதற்கு ஒருபோதும் துணைபோகாமல், மாத்திரையின் பெயரையும் பயனையும் சொல்லி, உறையிலிருந்து அவர் கண்ணெதிரே எடுத்துக் கொடுங்கள்.

கொந்தளிப்பு

அடிக்கப் போகிறவர் பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகிறார். வேகமான நடை, இறுகிய தாடை, மூடித் திறக்கும் விரல்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவற்றைக் கண்டவுடன் பேசத் தொடங்குங்கள். ஒருவர் மட்டுமே பேச வேண்டும். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து "உட்காருங்க" என்றால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். குரலைத் தாழ்த்தி, சிறு வாக்கியங்களில், கையை அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு பேசுங்கள். "வீட்டுக்குப் போகணும்னு கோபமா இருக்கீங்க. நான் கேக்கறேன். இங்க உட்கார்ந்து பேசலாமா, வராண்டாவுல நடந்துக்கிட்டே பேசலாமா?" என்று, உங்களால் உண்மையிலேயே தர முடிந்த இரண்டைத் தேர்வுக்கு வையுங்கள். பித்துநிலை நோயாளியின் கேலிக்குச் சிரித்து அதை வளர்க்காதீர்கள். வார்டின் விதியை எல்லாச் செவிலியரும் ஒரே மாதிரிச் சொன்னால்தான் அது நிற்கும்.

அமைதியின்மை எல்லாம் நோயின் கோபமல்ல. ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து தொடங்கிய பின் ஒருவர் உட்கார முடியாமல், காலை மாற்றி மாற்றி வைத்து, "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்றால், அது அகதீசியா என்னும் பக்கவிளைவாக இருக்கலாம். அதைக் கொந்தளிப்பு என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டினால் வேதனை பெருகும். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழி மேலே செருகுவதைக் கண்டு, சாமி வந்துவிட்டது என்று உறவினர் கைகூப்பலாம். அது உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய தசை இறுக்கம். மதுவை நிறுத்திய இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடும் ஒருவருக்குத் தேவை அவசர மருத்துவம். அவரைப் பேச்சால் மட்டும் அமைதிப்படுத்த முயன்று நேரத்தைக் கடத்தக் கூடாது.

கட்டிவைப்பது கடைசி வழி. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு தனியறையில் அடைப்பதை முற்றிலும் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டுமே உடற்கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ அதைச் செய்ய முடியாது. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சங்கிலியிடுவது எந்த நிலையிலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை அறிந்த தமிழருக்கு இந்த விதியின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கட்ட நேர்ந்தால், கட்டும்போதே காரணத்தையும் எப்போது அவிழ்க்கப்படும் என்பதையும் அவரிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். அவிழ்த்த பிறகு, அவர் அமைதியான நேரத்தில் போய், அவருக்கு அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் செய்வதில்லை, என் கருத்தில் அதுவே மிகவும் தேவையானது.

இரு மொழிகளுக்கு நடுவே

கன்னடமோ இந்தியோ பேசும் மருத்துவருக்காக நீங்கள் மொழிபெயர்க்க நேரும். அப்போது நோயாளியின் பேச்சைத் திருத்தி அழகாக்காதீர்கள். அவர் தொடர்பில்லாமல் பேசினால் தொடர்பில்லாமலே சொல்லுங்கள், ஏனென்றால் சிந்தனை ஓட்டம் சிதறியிருக்கிறதா என்பதை மருத்துவர் அதிலிருந்துதான் அறிகிறார். "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு", "உடம்பெல்லாம் எரியுது", "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்பவற்றை 'மனச்சோர்வு', 'பதற்றம்', 'மருட்சி' என்று நீங்களே பெயரிட்டுச் சுருக்கிவிட்டால் நோயறியும் வேலையை நீங்கள் செய்ததாகிறது. செய்வினை என்பது அவருடைய ஊரார் அனைவரும் பகிரும் நம்பிக்கையாகவும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. உடன் வந்த சிறுவனையோ, சண்டையில் சம்பந்தப்பட்ட கணவரையோ மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

சொல்லின் நேர்ப்பொருளைத் தாண்டி யோசிக்க முடிகிறதா என்று பார்க்க, மனநிலைப் பரிசோதனையில் பழமொழிக்குப் பொருள் கேட்பது வழக்கம். கன்னடப் பழமொழி ஒன்றைத் தமிழாக்கிக் கேட்டால், நன்றாக இருப்பவரும் விழிப்பார். "யானைக்கும் அடி சறுக்கும்" என்பதைக் கேளுங்கள். "எவ்வளவு பெரியவங்களும் தப்பு பண்ணுவாங்க" என்கிறாரா, "யானை கால் பெருசு, சேத்துல வழுக்கும்" என்கிறாரா என்பதை அப்படியே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

எழுதுவதிலும் இதே கண்டிப்பு வேண்டும். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு எதுவும் தெரியாது. 'இரவு மாத்திரையை வாங்க மறுத்தார். "இது சாப்பிட்டா நாக்கு தடிக்குது" என்றார்' என்று எழுதினால், அங்கேயே ஒரு பக்கவிளைவு பிடிபடுகிறது. பயிலும் காலத்தில் கேட்கப்படும் உரையாடல் பதிவை வெறும் மதிப்பெண்ணுக்காக எழுதாமல், நீங்கள் சொன்னது, அவர் சொன்னது, அப்போது உங்கள் மனத்தில் ஓடியது என மூன்றையும் பத்தி பிரித்து எழுதிப் பாருங்கள். ஆறுதல் சொல்ல எங்கே அவசரப்பட்டீர்கள் என்பது தாளிலேயே தெரியும்.

விடைபெறும் பேச்சு

உறவை முடித்துக்கொள்வதற்கான ஆயத்தம் டிஸ்சார்ஜ் நாளன்று தொடங்கக் கூடாது. உங்களுக்கு வேறு வார்டுக்கு மாற்றல் என்றால்கூட சில நாள் முன்னதாகவே சொல்லுங்கள். சொல்லாமல் மறையும் செவிலியர், ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவருக்கு இன்னோர் இழப்பாகிறார். அன்பின் மிகுதியால் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அவர் அழைத்து நீங்கள் எடுக்க முடியாமல் போனால் அது இருவருக்கும் துயரம். வார்டின் எண்ணையும், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டு எந்நேரமும் தமிழிலும் பேசக்கூடிய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐயும் எழுதிக் கொடுங்கள்.

மருத்துவமனையை விட்டுப் போன முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து கூடுதல். கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பமானால், பூச்சிமருந்து வீட்டில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, பூட்டிவைக்கவோ வேறிடத்துக்கு மாற்றவோ குடும்பத்தாரிடம் பேசுங்கள். மருந்துக்காக மாதந்தோறும் பெங்களூர் வர முடியாதவர்களுக்கு, அவர்களுடைய மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருந்து பெறும் வழியைச் சொல்லி, அதற்கான கடிதம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1996-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு முன்மாதிரியே நிம்ஹான்ஸ் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திய முயற்சிதான். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவரானால், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும், வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் கை நடுக்கம், நடை தள்ளாட்டம் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்று நோயாளிக்கும் உறவினருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போனதும் எந்த மாத்திரையை எப்போ எடுப்பீங்க, சொல்லுங்க பார்க்கலாம்" என்று அவரையே சொல்லவிடுங்கள். அடுத்ததாக, நோய் திரும்புகிறது என்பதை அவர் எதை வைத்து முதலில் அறிவார் என்று கேளுங்கள். "ரெண்டு ராத்திரி தூக்கம் வராது, அப்புறம் கடன் வாங்கி எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுப்பேன்" என்று ஒருவர் சொல்லலாம். "பூ வெச்சுக்கப் பிடிக்காது, பேச்சு குறைஞ்சுடும்" என்று இன்னொருவர் சொல்லலாம். அந்த அறிகுறிகளை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி, அவை தெரிந்தால் எங்கே வர வேண்டும் என்பதையும் சேர்த்து, ஒரு பிரதியை அவரிடமும் மற்றொன்றை அவர் விரும்பும் உறவினரிடமும் கொடுத்து, மூன்றாவதைக் கேஸ் ஷீட்டில் வையுங்கள்.